மண்மணியும் ஓட்டுத் தெய்வமும்

ஆனைக்கோட்டையில் 1980, 1981ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழ்வாய்வு பற்றி நம்மிடையே எழுதப்பட்டவை கொஞ்சமல்ல. பேராசிரியர் கா. இந்திரபாலாவும் பொ. இரகுபதியும் ஈடுபட்ட அவ்வாய்வில், பெருங்கற்காலப் பண்பாட்டைச் சார்ந்த புதைகுழியொன்றிலிருந்து சிறியதொரு முத்திரை வெளிப்பட்டது. மேல்வரியில் பழங்குறியீடுகள், கீழ்வரியில் பிராமி எழுத்துக்கள். அதில் உள்ள சொல்லை எவ்வாறு வாசிப்பது, அது வேந்தனைக் குறிக்கிறதா, சிற்றூர்த் தலைவனைக் குறிக்கிறதா, எம்மொழிக்குரியது என்றெல்லாம் அறிஞர்கள் வாதிட்டனர். வாதம் இன்னும் ஓய்ந்துவிடவில்லை. ஆனால் மாண்டவரின் உடலோடு அதே மண்ணில் வைக்கப்பட்டிருந்த சட்டிகளையும் கிண்ணங்களையும் பற்றி இவ்வளவு சூடாக எவரும் வாதிட்டதாகத் தெரியவில்லை. கறுப்புச்சிவப்பு மட்கலம் என்று வகை பிரித்து, எண்ணிட்டு, காலக்கணிப்புக்குச் சான்றாக்கியதோடு அவற்றின் கதை முடிந்துவிட்டது. முத்திரைக்கு உரியவன் யார் என்று கேட்ட நாம், கலத்தை வனைந்தவன் யார் என்று கேட்க மறந்துவிட்டோம்.

இது தற்செயலான மறதி என்று கொள்வதற்கில்லை. நமது வரலாற்று நூல்கள் அரசர்களின் பெயர்களால் ஆனவை. சங்கிலியனும் பரராசசேகரனும் பெற்ற பக்கங்களில் நூறில் ஒரு பங்கையேனும் இக்குடாநாட்டின் கைவினைஞர் பெறவில்லை. ஆயினும் எழுதப்பட்ட ஏடு அழிந்த பின்னரும், மரமும் துணியும் மக்கிய பின்னரும், சுடப்பட்ட மண் ஒன்றுதான் இந்த மண்ணில் அழியாது கிடக்கிறது. உப்புக் காற்றும் சுண்ணக் கல்லும் நிறைந்த யாழ்ப்பாணத்தில் இது மேலும் உண்மை. ஆகவே இங்கே மண்ணால் ஆன அணிகலனையும், மண்ணில் உருவான தெய்வத்தையும், ஓட்டில் பதிந்த தெய்வப் படத்தையும் ஒருசேர வைத்துப் பார்ப்பது உழைப்பாளர் வரலாற்றுக்குள் நுழைய ஒரு வழியாகும்.

முதலில் அந்தக் கலங்களின் தொழில்நுட்பத்தைக் கவனிப்போம். கறுப்புச்சிவப்பு மட்கலத்தின் உட்புறமும் விளிம்பும் கறுப்பு. வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி சிவப்பு. இருவேறு வண்ணங்களைப் பூசிப் பெற்ற நிறமன்று இது. கலத்தைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளே காற்றுப் புகாது; உமியோ இலைதழையோ கரிந்து அந்தக் கரி மண்ணின் நுண்துளைகளில் ஏறிக் கறுக்கும். வெளியே காற்றோடு எரியும் நெருப்பில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். தீயின் அளவையும் காற்றின் போக்கையும் ஒருங்கே ஆளத் தெரிந்த ஒருவன்தான் இதைச் செய்ய முடியும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வெப்பமானி இல்லாத காலத்தில், புகையின் நிறத்தையும் நெருப்பின் ஒளியையும் பார்த்தே அவன் இதைச் செய்தான். இதனை இரசாயன அறிவு என்று சொல்லக் கூசுவோர், முத்திரையில் எழுத்து வெட்டியவனை மட்டும் அறிஞன் என்று சொல்வது எந்த நியாயம்?

கந்தரோடைக்கு வருவோம். சிவில் சேவை அதிகாரியாயிருந்த போல் ஈ. பீரிஸ் 1917இலும் 1919இலும் வெளியிட்ட ஆய்வுரைகள் மூலமே அவ்வூரின் தொன்மை அறிவுலகின் கவனத்துக்கு வந்தது. உரோம நாணயங்கள், இந்திய நாணயங்கள், பலவகை மணிகள், கண்ணுக்கு மை தீட்டும் செப்புக் கோல்கள் அங்கே கிடைத்தன. பின்னர் 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தைச் சேர்ந்த குழுவினர் அங்கே சோதனை அகழ்வு நடத்தினர். அப்போது கிடைத்த ஓர் ஓட்டுத் துண்டில், தத்தன் என்பானுடைய கிண்ணம் என்று பொருள்படும் பிராமிச் சொற்கள் கீறப்பட்டிருந்தன. யாழ்ப்பாணத்து மண்ணில் கிடைத்த மிகப் பழைய பெயர்களுள் இதுவும் ஒன்று. அந்தப் பெயர் கிண்ணத்தை வைத்திருந்தவனுடையது. அதனைச் செய்தவனுடையது அன்று. தமிழகத்தில் கொடுமணலிலும் அழகன்குளத்திலும் கீழடியிலும் கிடைத்த பெயர் பொறித்த ஓடுகளுள் மிகப் பலவும் இத்தகையனவே. அவற்றில் எழுத்துக்கள் பெரும்பாலும் சூளையில் சுட்டபின் கீறப்பட்டவை. பச்சை மண்ணில் எழுதினால் கோடு மென்மையாக, விளிம்பு சற்றே புடைத்து நிற்கும். சுட்ட ஓட்டில் கீறினால் கோடு சொரசொரப்பாகச் சிதையும். ஆக, கலம் வேட்கோவன் கையைவிட்டு நீங்கி, விலையாகி, வீட்டுக்கு வந்த பின்னரே அது பெயர் பெற்றது. உடைமை எழுதிக்கொண்டது, உழைப்பு எழுதப்படாமல் போயிற்று.

அணிகலன்களில் இவ்வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் ரே 1899ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் அகழ்ந்தபோது தாழிகள் சிலவற்றில் பொன்னாலான நெற்றிப் பட்டங்கள் கிடைத்தன. எல்லாத் தாழியிலும் பொன் இல்லை. பெரும்பாலானவற்றில் மண்கலங்களே இருந்தன. கீழடியில் பொன் அணிகளின் சிறுசிறு துண்டுகள் சிலவே கிடைக்க, சுடுமண் பொருள்களும் கண்ணாடி மணிகளும் மிகுதியாகக் கிடைத்தன. சுடுமண்ணால் செய்த காதணிகளும் அங்கே உண்டு. வட்டமாக, நடுவில் குழிந்து, பக்கவாட்டில் பள்ளம் ஓடும் இவ்வணி, துளைத்து வளர்த்த காது மடலில் செருகிக் கொள்வதற்கு ஏற்றது. தக்காணத்தில் சாதவாகனர் காலத்து ஊர்களில் பாக்கின் வடிவில் உருட்டிய சுடுமண் மணிகள் ஏராளம். செய்முறையும் எளிது. பிசைந்த மண்ணை ஒரு துரும்பைச் சுற்றி உருட்டி உலரவிட்டுச் சுட்டால், துரும்பு எரிந்து போய்த் துளை தானே அமைந்துவிடும். சிறுவர்கூடச் செய்யக்கூடியது, செய்திருக்கவும் கூடும்.

இவற்றுள் என் மனத்தை மிகவும் ஈர்ப்பது வேறொன்று. தெலுங்கு நாட்டுக் கொண்டாப்பூரிலும், ஒரிசாவின் சிசுபால்கரிலும், வேறு சில ஊர்களிலும் உரோமப் பேரரசரின் தலை பொறித்த பொற்காசைப் போலவே மண்ணில் அச்சிட்டுச் சுட்ட வில்லைகள் கிடைத்துள்ளன. கயிறு கோக்க மேலே காதோ துளையோ அமைந்திருப்பதால் இவை கழுத்தில் அணியும் பதக்கங்கள் என்று ஆய்வாளர் கருதுவர். திபேரியஸ் மன்னனின் பொன்னை வாங்கக் கூடியவர் பொன்னை அணிந்தனர். ஏனையோர் அதே முகத்தை மண்ணில் அணிந்தனர். ஒரு சமுதாயத்தில் வர்க்கங்கள் இருந்தனவா என்று ஏடுகளில் தேடிக் களைக்கும் மாணவர் இந்த வில்லைகளைப் பார்க்கலாம். கந்தரோடையிலும் உரோம நாணயங்கள் புழங்கின என்பதை இங்கே நினைவு கொள்வது நல்லது. கடல் வாணிகத்தின் வருவாய் குடாநாட்டிலும் எல்லார் வீட்டுக்கும் ஒரே அளவில் வந்து சேர்ந்திராது.

இனிப் பிற்காலம். யாழ்ப்பாணத்தில் பொன் வெறும் அணியாக இருந்ததில்லை, அது சொத்து. ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்து 1707இல் சட்டமாக்கப்பட்ட தேசவழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்துப் பிரிக்கப்படுகிறது. பெண்ணோடு போகும் நகையும் நிலமும் அச்சட்டத்தின் நடு நாடி. அதே சட்டத் தொகுப்பில் அடிமைகளைப் பற்றிய பகுதியும் இருக்கிறது என்பதை நம்முடைய பழைமைப் பெருமை பேசுவோர் அடிக்கடி மறந்துவிடுகின்றனர். ஒருத்தியின் கழுத்தில் ஏறும் பொன்னையும் இன்னொருத்தியின் உடலையும் ஒரே ஏடு சொத்தாகப் பேசிற்று. அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் யார் எதை அணியலாம் என்ற கட்டு ஒழியவில்லை. பஞ்சமர் என ஒதுக்கப்பட்ட மக்கள் மேலாடை அணிதல், செருப்பணிதல், குடை பிடித்தல் முதலியவற்றோடு பொற்றோடு அணிவதும் 20ஆம் நூற்றாண்டு வரை தடுக்கப்பட்டிருந்தது. காதில் ஒரு சிறு பொன் வளையம் போட்டதற்காக அடி வாங்கும் நிலை எவ்வளவு இழிந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இது இன்னும் பச்சையாக எழுதப்பட்டது. 1930ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிட மக்கள்மீது மேற்சாதியினர் விதித்த எட்டுத் தடைகளை, 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்புக்குப் பொறுப்பாக இருந்த ஹட்டன் தமது நூலில் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாண்டம் வைத்திருக்கக் கூடாது என்பது இன்னொன்று. இவ்விரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். கழுத்தில் உலோகம் கூடாது, அடுப்பில் உலோகம் கூடாது. மண் என்பது ஏழைக்கு மலிவாகக் கிடைத்த பொருளாக மட்டும் இருந்திருந்தால் நாம் அதைப் பொருளாதாரம் என்று விட்டுவிடலாம். இங்கே மண் ஆணையாகத் திணிக்கப்பட்டது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, உடைமைகள் அழிக்கப்பட்டன. ஆகவே 'மண்ணோடு இயைந்த எளிய வாழ்வு' என்று இன்று உருகுவோர், அந்த எளிமையை யார் விரும்பி ஏற்றார், யார்மீது ஏற்றினர் என்பதைப் பிரித்தறிவது கடமை.

மண்பாண்டத்துக்கும் சாதிக்கும் உள்ள உறவு இன்னும் ஆழமானது. தீட்டு விதிகளின்படி செம்பும் வெண்கலமும் பட்ட தீட்டைத் துலக்கிப் போக்கலாம். மண்பாண்டத்தில் ஏறிய தீட்டைப் போக்க முடியாது, அதை உடைத்தெறிய வேண்டும். நுண்துளையுள்ள மண் எதையும் உறிஞ்சிக் கொள்ளும் என்ற இயற்கை உண்மையின்மேல் சமுதாயம் தன் வெறுப்பைக் கட்டி எழுப்பியது. இதன் பொருளாதார விளைவை யாரும் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. சாவு வீட்டில் பானை வெளியே போகும். பிள்ளைப்பேற்றின் பின் போகும். பொங்கலுக்குப் புதுப்பானை வரும். சூளையிலிருந்து அன்று எடுத்த கலம் மட்டும் எவருக்கும் தீட்டில்லாதது, ஏனெனில் தீ அதனைத் தூய்மையாக்கிவிட்டது! ஆகவே யாழ்ப்பாணத்துக் குயவரின் சந்தை பாதி சமையலாலும் பாதி தீட்டாலும் நடந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. பனையேறும் தொழிலாளிக்கு வேண்டிய முட்டியும் அவர்கள் சூளையிலிருந்தே வந்தது. ஒவ்வொரு பாளைக்கும் ஒரு முட்டி. பனைகளின் தொகையை எண்ணிப் பார்த்தால் சூளைகளின் வேலையும் விளங்கும்.

குயவர் பஞ்சமருள் வைக்கப்பட்டவர் அல்லர். ஆயினும் அவர்கள் கையில் நிலம் குறைவு. குடாநாடு சுண்ணக் கற்பாறைமேல் கிடக்கும் நிலம். வற்றாத ஆறென்று ஒன்றும் இல்லை. செம்மண் வயலுக்கும் தோட்டத்துக்கும் நல்லது. வனைவதற்கு வேண்டிய களி குளத்தடியிலும் தாழ்ந்த வயற்புறங்களிலும் மட்டுமே அகப்படும். குளம் ஊருக்குரியது, வயல் நிலவுடைமையாளனுக்குரியது. தன் தொழிலின் மூலப்பொருளுக்காக இன்னொருவன் அனுமதியை எதிர்பார்த்து நிற்பதே வேட்கோவனின் நிலை. உழவனுக்கு நிலம் எப்படியோ, அவனுக்குக் களி அப்படி. எடுத்து வந்த களியைக் கல் நீக்கி, மணல் சேர்த்து, மிதித்துப் பதப்படுத்துவதில் வீட்டுப் பெண்களின் உழைப்பு மிகுதி. காயவைத்து அடுக்குவதும், தலையில் சுமந்து விற்பதும் அவர்களே. ஆனால் சக்கரத்தில் பெண் கைவைக்கக் கூடாது என்பது தென்னாசியாவெங்கும் பரவிய வழக்கம். தொழிலின் பாரம் அவளுக்கு. தொழிலின் கௌரவம் அவனுக்கு.

குடத்தின் மறுபக்கம் கிணற்றடியில் தெரிந்தது. ஊர்க் கிணற்றில் தாமே நீரள்ள உரிமையற்ற பெண்கள் வெறுங்குடத்தோடு காத்து நிற்க, மேற்சாதியாள் ஒருவர் மனம் வைத்து வாளியிலிருந்து வார்த்தால் உண்டு, இல்லையேல் இல்லை. யாழ்ப்பாணத்து முற்போக்கு எழுத்தாளர் பலர் இக்காட்சியைக் கதைகளில் தீட்டியிருக்கின்றனர். அங்கே கூடிநின்ற குடங்கள் எல்லாம் ஒரே சூளையில் வெந்தவை.

இனி, வழிபாட்டுக்கு வருவோம். இங்கே மண் கீழ்மைப்படவில்லை என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான்: நவராத்திரியில் கும்பம் மண்குடமே, பொங்கற்பானை மண்பானையே, நல்லூர்த் தேரன்று பெண்கள் ஏந்திச் செல்லும் கற்பூரச்சட்டி மண்சட்டியே, இறுதியில் சுடலையில் உடைபடும் கொள்ளிக்குடமும் மண்ணே. ஆனால் தெய்வத்தின் உருவமாக மண் நிலைத்ததா? தமிழ்நாட்டில் புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் ஐயனாருக்குப் புரவி எடுக்கும் விழாவைப் பாருங்கள். ஊரார் பிடிமண் எடுத்து வேளாரிடம் கொடுக்க, அவர் மண்குதிரைகளை வனைந்து சுட்டுக் கொடுப்பார். அவ்வாறு வனையும் வேளாரே பல கோயில்களில் பூசாரியும் ஆவார். படைத்தவனே பூசனை செய்யும் அரிய நிலை அது. குதிரைகள் கோயிற்புறத்தில் வரிசையாக நின்று, மழையில் கரைந்து சாய, அடுத்த விழாவுக்குப் புதியன எடுக்கப்படும். நிலையான உருவம் இல்லாததால் கைவினைஞனுக்கு வேலையும் நிலையாக இருந்தது.

யாழ்ப்பாணத்திலோ 19ஆம் நூற்றாண்டு வேறு திசையில் திரும்பிற்று. ஆறுமுக நாவலர் (1822-1879) கிறிஸ்தவ மிஷனரிமாரின் கண்டனத்துக்கு எதிராகச் சைவத்தைக் காத்தார், உரைநடையை வளர்த்தார், பாடசாலைகள் நிறுவினார். அவர் பணியை மதிக்காதவர் தமிழறியாதவர். ஆனால் அவர் ஆகம நெறிக்கு ஊன்றிய உறுதி கிராமத்து வழிபாட்டைத் தாழ்வாக எண்ணச் செய்தது. உயிர்ப்பலியையும் கண்ணகி வழிபாட்டையும் அவர் கண்டித்தார். அடுத்து வந்த பல தலைமுறைகளில் மரத்தடி வைரவரும் அண்ணமாரும் காளியும் கருங்கல் மூர்த்தங்களாக, சமஸ்கிருதப் பெயர்களோடு, பிராமணக் குருக்களின் பூசைக்குள் போயினர். கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரியாகவும் புவனேஸ்வரியாகவும் பெயர் மாறின. ஊர்க்காரன் கையால் செய்யக்கூடிய தெய்வம் குறைந்து, காசு கொடுத்துத் தருவிக்க வேண்டிய தெய்வம் பெருகியது. இது மதச் சீர்திருத்தம் என்று மட்டும் அறியப்பட்டிருக்கிறது. ஊர்க் கைவினையை உள்ளூர் வழிபாட்டிலிருந்து விலக்கிய பொருளாதார நிகழ்ச்சியாகவும் அதை ஆராய்வது வேண்டும்.

ஓட்டில் தெய்வம் எழுதும் கலைக்கு வட இந்தியாவில் இரண்டு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. வங்காளத்து விஷ்ணுபூரில் கல் அரிது, ஆற்று வண்டல் மிகுதி. அங்கே மல்ல அரசர்கள் 1643இல் சியாம்ராய் கோயிலையும் 1655இல் ஜோர்பங்களாக் கோயிலையும் கட்டினர். சுவர் முழுவதும் சுடுமண் பலகைகள். கண்ணன் லீலையும் இராமாயணப் போரும் மட்டுமன்றி வேட்டையும் படகும் அவற்றில் உண்டு. கல்வெட்டில் அரசன் பெயர் இருக்கிறது. (பிற்காலத்தில் செல்வர் கட்டிய வங்கக் கோயில்கள் சிலவற்றில் மட்டும் கைவினைஞர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது, அது ஒரு சிறு முன்னேற்றம்.) இராசத்தானத்தில் நாத்துவாராவுக்கு அருகே மொலேலா என்னும் சிற்றூரின் கதை வேறு. அவ்வூர்க் குயவர் குளத்து மண்ணோடு கழுதைச் சாணம் கலந்து தட்டையான பலகை செய்து, அதன்மேல் கையாலேயே தெய்வ உருவத்தை உள்ளே கூடாக எழுப்புவர். தர்மராசர், பைரவர், நாகதேவர் எனப் பலர். பீல் முதலான பழங்குடி மக்களும் கூசர்களும் தங்கள் பூசாரியோடு மாசி மாதத்தை ஒட்டி நெடுந்தொலைவு நடந்து வந்து பலகையைத் தேர்ந்து, அதைத் தலைமேல் ஏந்திக்கொண்டு ஊர் திரும்புவர். சில ஆண்டுகள் கழித்துப் பழைய பலகையை நீக்கிப் புதியது கொள்ள மீண்டும் வருவர். நெடுங்காலம் பெயரற்றிருந்த அவ்வூரில் மோகன்லால் சதுர்புஜ் குமார் என்பாருக்கு 2012இல் இந்திய அரசு பத்மசிறீ விருது அளித்தது. செய்தவன் பெயர் வெளிவந்த அருமையான சந்தர்ப்பம் அது.

நம் பக்கத்தில் ஓட்டுத் தெய்வங்கள் கையால் பிறக்கவில்லை; அச்சால் பிறந்தன. அவற்றின் வரலாறு முதலாளித்துவ உற்பத்தி எப்படிப் பக்தியைச் சரக்காக்கும் என்பதற்கு நல்ல பாடம். ஓவியர் இரவிவர்மா 1894இல் பம்பாயில் வண்ண அச்சகம் நிறுவினார். அதிலிருந்து இலட்சுமியும் சரசுவதியும் வீட்டு வீடாகப் போயினர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆங்கிலேயரிடம் மெருகோடு செய்யும் முறையைக் கற்ற யப்பானியத் தொழிற்சாலைகள் அந்தப் படங்களையே புடைப்புருவமாக்கி, உலர்ந்த மண்பொடியை உலோக அச்சில் அழுத்தி, பளபளக்கும் வண்ண மெருகேற்றி இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்தன. அவாஜித் தீவின் தொழிலாளி ஒருவன் தான் காணாத கண்ணனுக்கு நீலம் பூசினான். செட்டிநாட்டு மாளிகைகளின் சுவர்களில் யப்பானிய ஓடுகளை இன்றும் காணலாம். அந்த மாளிகைகளின் பணம் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கு விட்டுச் சேர்த்தது என்பதையும் சேர்த்தே காண வேண்டும். அந்த நாடுகளின் உழவர் வட்டி கட்ட, வட்டி ஓடாகிச் சுவரில் தெய்வமாக நின்றது.

பின்னர் கோவிற்பட்டிக் கொண்டையராஜுவும் (1898-1976) அவர் மாணாக்கரும் எழுதிய நாட்காட்டித் தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகித் தமிழர் வாழும் இடமெல்லாம் பரவின. இன்று அதே முகங்கள் தொழிற்சாலைத் தரையோட்டில் பதிந்து, புதிதாகக் கட்டும் வீட்டு வாசலிலும் மதிற்சுவரிலும் ஏறுகின்றன. யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் எழும் வெளிநாட்டுப் பணத்து வீடுகளில் 'ரைல்ஸ்' பிள்ளையார் இல்லாத முகப்பைக் காண்பது அரிதாகி வருகிறது. தமிழ்நாட்டு நகரங்களில் இவ்வோட்டுக்கு மற்றொரு பயனும் கண்டிருக்கிறார்கள்: சிறுநீர் கழிப்பாரைத் தடுக்கத் தெருச் சுவரில் வேலாயுதரையும் ஏசுநாதரையும் மெக்காவையும் வரிசையாகப் பதிக்கின்றனர். கழிப்பறை கட்ட வேண்டிய நகராட்சியின் கடமையைத் தெய்வங்கள் ஏற்றுக்கொண்டன போலும்!

கைவினையின் வீழ்ச்சியைப் பற்றிப் பேசுவோர் ஆனந்த குமாரசுவாமியை (1877-1947) விட்டுப் பேசுவதில்லை. தமிழரான அவர், கனிப்பொருள் ஆய்வு அதிகாரியாக இலங்கையில் சுற்றியபோது கண்டி நாட்டுக் கைவினையைக் கண்டு வியந்து, 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற பெருநூலை 1908இல் வெளியிட்டார். வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அதே அச்சுப்பொறியில் அதை அச்சிட்டார். இயந்திர உற்பத்தி மனிதனின் கையையும் கண்ணையும் எப்படிப் பாழாக்குகிறது என்று அவர் கண்டது முற்றிலும் சரி. ஆனால் அவர் போற்றிய உலகில் கைவினைஞன் பரம்பரைச் சாதிக்குள்ளும் அரசனுக்குச் செய்யும் கட்டாயச் சேவைக்குள்ளும் கட்டுண்டிருந்தான். மொரிஸ் சோசலிஸ்டு, குமாரசுவாமி மொரிசின் அழகுணர்ச்சியை எடுத்துக்கொண்டு சோசலிசத்தை அவ்வளவாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வேறுபாடு சிறிதன்று.

குயவரின் சந்தையை நம்மிடையே உண்மையில் உடைத்தது அலுமினியம். சென்னைக் கலைப் பள்ளியில் அல்பிரட் சற்றேர்ட்டன் 1898இல் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். 1900இல் அதற்கென ஒரு கம்பனி எழுந்தது. மலிவான, உடையாத, துலக்கினால் தீட்டுப் போகிற பாத்திரம்! மண்பாண்டத்தைத் தவிர வேறெதுவும் கூடாது என்று விதிக்கப்பட்ட மக்களுக்கு அது விடுதலையின் ஒரு துண்டு. அதே துண்டு குயவன் வீட்டு அடுப்பை அணைத்தது. ஒரு ஒடுக்கப்பட்டோனின் முன்னேற்றம் மற்றொரு உழைப்பாளியின் இழப்பாக முடிவது தனியுடைமைச் சமுதாயத்தின் வழக்கம். இதில் அலுமினியத்தைக் குறை கூறுவதால் பயனில்லை.

யாழ்ப்பாணத்தில் விதி எதிர்ப்பின்றி நிற்கவில்லை என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். சிறுபான்மைத் தமிழர் மகாசபை 1943இல் அமைந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் நிறைவேறியது. சட்டம் ஏட்டில் கிடந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்துக்குப் பின்னரே தேநீர்க்கடைகளும் கோயில்களும் ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கின. 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் அதன் உச்சம். தேநீர்க்கடையில் அவர்கள் கேட்டது எல்லாருக்கும் உரிய அதே குவளை. ஆனைக்கோட்டைக் காலத்திலிருந்து நாம் பார்த்துவரும் கேள்வியே அது: எந்தக் கலம் யாருக்கு?

அதன்பின் வந்த போர் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. 1995இன் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, பொன் வைத்திருந்தோர் அதை மடியில் முடிந்துகொண்டனர். பின்னர் அடைவு வைத்தும் விற்றும் பல மாதம் உண்டனர். சக்கரத்தையும் சூளையையும் மடியில் முடிய முடியாது. வன்னியில் ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையும் போரோடு மூடுண்டது. திரும்பி வந்தோருள் எத்தனை பேர் மறுபடி மண் மிதித்தனர் என்பதை ஊரூராகச் சென்று எழுதி வைக்கும் வேலை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் காத்திருக்கிறது. களியைப் பக்குவம் பார்க்கும் சொற்கள், சூளை அடுக்கும் முறை, புகை நிறத்தின் பெயர்கள் இவையெல்லாம் எந்த அகராதியிலும் முழுமையாக ஏறவில்லை.

இதற்கிடையே சுடுமண் நகை புதிய கோலத்தில் மீண்டிருக்கிறது. தமிழ்நாட்டு நகரங்களில் கடந்த சில ஆண்டுகளாகப் பெண்கள் பலர் வீட்டிலிருந்தபடியே மண்ணைப் பிசைந்து தோடும் பதக்கமும் மணிமாலையும் செய்து, சிறு அடுப்பிலோ உமிச் சூட்டிலோ சுட்டு, சாயம் தீட்டி விற்கின்றனர். வாங்குவோர் பெரும்பாலும் படித்த மத்தியதர வர்க்கத்தார். கல்லூரிப் பெண்கள் பொன்னுக்கு மாற்றாக விரும்பி அணிகின்றனர். சீதனப் பொன்னின் ஆட்சிக்கு எதிரே ஒரு பெண் தானாகத் தேர்ந்து மண்மணியை அணிவதை நான் வரவேற்கிறேன். சக்கரத்தைத் தொட விடாத கைகள் இன்று முழு உருவத்தையும் தாமே செய்கின்றன என்பதும் மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அதே மண்மணியை 1930இல் இராமநாதபுரத்துப் பெண் தேர்ந்து அணியவில்லை. இரு மணிகளும் ஒரே மண்ணாலானவை என்பதற்காக இரண்டையும் ஒன்றாக எழுதிவிட முடியாது. மேலும், இப்புதிய தொழிலில் கைத்திறனுக்குக் கிடைக்கும் விலையில் ஒரு பங்கேனும் பானை வனையும் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்கிறதா என்று கேட்டால், பொதுவாக இல்லை என்பதே விடை. ஒரு மாலைக்கு ஆகும் மண் ஒரு பிடி; அதன் விலையில் பல சட்டிகள் வாங்கலாம்.

களி எடுப்பதும் இன்று முன்போல் ஊர் விவகாரமாக இல்லை. இலங்கையில் 1992ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின்கீழ் மண் அகழ்வதற்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். மணல் வாரும் பெருமுதலாளியைக் கட்டுப்படுத்தப் பிறந்த சட்டம் அது, தேவையான சட்டமும்கூட. தமிழ்நாட்டில் 2017இல் குளங்களின் வண்டலை உழவரும் குயவரும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அரசு வழி செய்தது. அத்தகைய ஏற்பாடொன்றை வட மாகாணத்தில் கோருவதற்குக் குயவரிடையே வலுவான சங்கம் எழ வேண்டும். ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புக்களும் அதற்குத் துணை நிற்கலாம். வாசற் பிள்ளையாரைப் பதித்த ஓட்டை வாங்கக் கடைக்குப் போனால் போதும். பொங்கற்பானைக்கு வேண்டிய களிக்கு விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கிறது.